சின்னக் குழந்தையும் வயதான அம்மாவும் நடந்து போகிற அருவி எது?

கேள்வி இதுதான். கோயம்புத்தூரில் குடியிருக்கும் குடும்பம். ஐந்து வயது மகள், பத்து வயது மகன், அறுபதைத் தாண்டிய அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, ஆனால் நடப்பார். ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும். வண்டியை நிறுத்திய இடத்திலேயே குளித்துவிட்டுக் கிளம்புகிற இடம் வேண்டாம். காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்து, முடிவில் ஓர் அருவியைப் பார்க்க வேண்டும். எங்கே போகலாம், எப்போது போகலாம், குழந்தைகளுக்கு ஆபத்து இல்லையா?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: கோவை குற்றாலத்துக்குப் போங்கள். உள்ளூர்க்காரர்கள் பலர் "அங்கே என்ன இருக்கிறது, கூட்டம்தான்" என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குழந்தையையும் பெரியவரையும் ஒன்றாக அழைத்துக்கொண்டு போக இவ்வளவு பொருத்தமான இடம் இந்தப் பக்கத்தில் வேறு இல்லை. காரணத்தைச் சொன்னால், நாளைக்கு நீங்களே வேறோர் அருவியைத் தேர்ந்தெடுக்கும்போதும் அது உதவும்.

அருவி எத்தனை அடி உயரம், படத்தில் எப்படி விழும் என்று பார்த்துத்தான் பெரும்பாலானவர்கள் இடத்தைத் தீர்மானிக்கிறார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் பார்க்க வேண்டியது வேறு. முதலில், ஏற்றம் எந்தப் பக்கம் வருகிறது? போகும்போது ஏறி, திரும்பும்போது இறங்கினால் நல்லது. கால் தளர்ந்து, துணி நனைந்து, குழந்தை தூக்கத்துக்கு அழுகிற நேரத்தில் ஏற்றம் வந்தால் அந்த நாளே கெட்டுவிடும். அடுத்தது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, திடீரென்று பெருகினால் ஒதுங்கி ஏற இடம் இருக்கிறதா, சொல்வதற்கு ஆள் இருக்கிறாரா? இந்த இரண்டுக்கும் நல்ல பதில் இருந்தால் அருவி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

கொல்லிமலை ஆகாய கங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அழகில் அதற்கு நிகர் குறைவு. ஆனால் அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கும்போது எல்லோரும் சிரித்துக்கொண்டே போவார்கள். குளித்து முடித்துப் பசியோடு அதே படிகளை ஏறும்போதுதான் தெரியும். முழங்கால் வலி உள்ள அம்மாவையும் தூக்கச் சொல்லி அடம்பிடிக்கும் ஐந்து வயதுக் குழந்தையையும் வைத்துக்கொண்டு அங்கே போகச் சொல்ல மாட்டேன். ஏற்காடு கிளியூர் அருவியும் அதே வகை, இறங்கிப் போய் ஏறி வர வேண்டும். பெரியகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கும்பக்கரையில் நடை மிகக் குறைவு, பாறைகளுக்கு நடுவே கசங்கள், அதாவது ஆழமான நீர்க்குழிகள் உண்டு. பத்து வயதுப் பையன் ஒரு நிமிடம் கண்ணில் படாவிட்டால் வயிறு கலங்கிவிடும். கம்பத்துக்குப் பக்கத்தில் சுருளி நல்ல தேர்வுதான், கோயில், கொஞ்சம் நடை, அருவி என்று குடும்பத்துக்கு ஏற்ற இடம், ஆனால் கோவையிலிருந்து ஒரே நாளில் போய் வருவது குழந்தைகளுக்குச் சித்திரவதை. தென்காசி குற்றாலத்தில் நடக்கவே வேண்டாம். பேரருவிக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் செண்பகாதேவி அருவி வரை நடந்தால் அருமையாக இருக்கும், ஆனால் வனத்துறை பொதுவாக அங்கே யாரையும் விடுவதில்லை. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்தால் உங்களுக்கு மிஞ்சுவது சிறுவாணி அடிவாரத்தில் இருக்கும் கோவை குற்றாலம்தான்.

கோவையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். பேரூர், மாதம்பட்டி, ஆலாந்துறை வழியாகச் சிறுவாணிச் சாலையிலேயே போக வேண்டும். இருட்டுப்பள்ளத்தில் பூண்டிக்கும் ஈஷாவுக்கும் போகிற வழி பிரியும். அதில் திரும்பாமல் காருண்யா நகரைத் தாண்டிப் போனால் சாடிவயல் சோதனைச் சாவடி. ஆலாந்துறைக்கு அப்புறம் பாக்குத் தோப்பும் தென்னையும் இரண்டு பக்கமும் அடர்ந்து வரும், காற்று மாறுவது கார்க் கண்ணாடியை இறக்கினாலே தெரியும். சாவடியில் வண்டியை விட்டுவிட்டு நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். அங்கிருந்து வனத்துறை வண்டியிலேயே காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் இறக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் நடை, சுமார் ஒன்றரை கிலோமீட்டர்.

ஒன்றரை கிலோமீட்டர் என்பது வேகமாக நடப்பவருக்கு இருபது நிமிடம். உங்கள் குடும்பத்துக்கு முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரம் ஆனாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. பாதை அகலமாக இருக்கும், மேலே போகப் போக மெல்ல ஏறும். பாறையைப் பிடித்து ஏறுகிற வேலை இல்லை. திரும்பும்போது இறக்கம். இறக்கம் முழங்காலுக்குக் கடினம் என்பார்கள், செங்குத்தான படிகளில் அது உண்மை. இந்த மாதிரிச் சாய்வில் அம்மா ஒரு கைத்தடி வைத்துக்கொண்டு, அடியைச் சின்னதாக வைத்து நடந்தால் போதும். நடை முழுவதும் அம்மாவை முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால் "இவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறோமே" என்று வேகத்தைக் கூட்டி, மூச்சு வாங்கியும் சொல்லாமல் வருவார். அவர் முன்னால் போனால் எல்லோருக்கும் அவர் வேகம்தான். குழந்தைகளுக்கும் அதுதான் பொருந்தும், ஐந்து வயதுக் காலும் அறுபது வயதுக் காலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் நடக்கும்.

குழந்தைகளுக்கு அருவியை விட இந்த நடைதான் முக்கியம் என்பது என் எண்ணம். அருவியில் நிற்பது பத்து நிமிடம், நடப்பது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை "சீக்கிரம் வா, சீக்கிரம் வா" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டால் காட்டுக்குப் போனதாகவே ஆகாது. பார்க்க நிறைய இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வெயில் அடித்தால், பாதையில் ஈரமணல் இருக்கிற இடத்தில் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். குனிந்து, நிழல் மேலே விழாமல் பார்க்கச் சொல்லுங்கள். சிறகை மூடியபடி, சுருட்டி வைத்திருந்த மெல்லிய உறிஞ்சுகுழலை நீட்டி மண்ணுக்குள் குத்திக்கொண்டிருக்கும். அப்படி உட்கார்ந்திருப்பவை பெரும்பாலும் ஆண் பூச்சிகள். ஈரமண்ணில் இருக்கும் உப்புச்சத்தை உறிஞ்சுகின்றன. பூத்தேனில் அது போதிய அளவு கிடைக்காது, இனப்பெருக்கத்துக்கு அந்த உப்பு வேண்டும். யாராவது ஓடி வந்தால் மொத்தமாக எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே இடத்தில் வந்து உட்காரும். தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக 2019இல் அறிவித்த தமிழ் மறவன் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இருப்பது. ஆரஞ்சு நிறம், சிறகின் ஓரம் கறுப்பு. அதைத் தேடச் சொன்னால் பத்து வயதுப் பையனுக்கு வழி முழுக்க வேலை கிடைத்துவிடும்.

காதுக்கும் வேலை உண்டு. ஓடை ஓரமாக யாரோ ஒரு பையன் சும்மா விசிலடித்துக்கொண்டு போகிற மாதிரிச் சத்தம் வரும். ராகம் தொடங்கும், பாதியில் விட்டுப்போகும், வேறு எங்கோ போகும். திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்காது. அது சீகாரப் பூங்குருவி. கருநீல உடம்பு, தோளில் பளிச்சென்ற நீலம். மலை ஓடையை விட்டு அதிகம் விலகாத பறவை, அருவிப் பக்கத்துப் பாறை இடுக்கில் கூடு கட்டும். மேலே மரக்கிளைகளில் மலையணிலும் இருக்கும். வீட்டுக் கொல்லையில் பார்க்கும் அணிலை நினைத்துத் தேடாதீர்கள். பூனை அளவுக்கு இருக்கும், செம்பழுப்பு நிறம், தொங்குகிற நீண்ட வால்.

யானையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்த அருவி இருக்கும் போளுவாம்பட்டி வனச்சரகம் யானைகள் நடமாடுகிற காடு, சாடிவயலிலேயே வனத்துறையின் யானை முகாம் இருக்கிறது. வழியில் யானைச் சாணம் கிடப்பது சாதாரணம். உடைத்துப் போட்ட மூங்கிலும் கண்ணில் படும். இதற்காகத்தான் வண்டியில் ஏற்றி இறக்குகிறார்கள், கூட்டமாகப் போகச் சொல்கிறார்கள், பிற்பகலிலேயே உள்ளே விடுவதை நிறுத்துகிறார்கள். "எங்களுக்குத் தெரியாததா" என்று பாதையை விட்டு உள்ளே இறங்கி நிழற்படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைப்பாக இருக்கிறது. பாதையை விட்டு இறங்காதீர்கள், சிறுநீர் கழிக்கக்கூடக் குழந்தையைப் புதருக்குள் தனியாக அனுப்பாதீர்கள். அங்கே வேலை பார்ப்பவர்களில் பலர் பக்கத்துப் பதிகளை, அதாவது பழங்குடிக் குடியிருப்புகளைச் சேர்ந்த இருளர் மக்கள். இந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் "கொஞ்சம் நில்லுங்க" என்றால் காரணம் கேட்காமல் நில்லுங்கள்.

குரங்குதான் உண்மையில் தினமும் தொல்லை தருவது. நாட்டுக் குரங்குகள். கையில் தொங்குகிற பை, அதிலும் பாலித்தீன் பை என்றால் அதற்குள் தின்பண்டம்தான் என்று அவற்றுக்கு நன்றாகத் தெரியும், நாம்தான் பழக்கிவிட்டோம். குழந்தை கையில் எதையும் கொடுத்து நடக்க விடாதீர்கள், பிடுங்கும்போது நகம் கீறிவிடும். தோளில் மாட்டுகிற, வாய் மூடின பைதான் சரி. குரங்குக்குத் தின்னக் கொடுக்கவும் கூடாது, கண்ணைப் பார்த்து முறைக்கவும் கூடாது, பல்லைக் காட்டிச் சிரிக்கவும் கூடாது. அது அந்தச் சிரிப்பை மிரட்டலாக எடுத்துக்கொள்ளும். சமாளித்துவிடலாம், பயப்பட ஒன்றும் இல்லை.

இனி தண்ணீருக்கு வருகிறேன். இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

நடக்கிற பாதையில் ஆபத்து அநேகமாக இல்லை. ஆபத்து எல்லாம் நாம் ஆசையோடு போய் நிற்கிற அந்தப் பாறையில்தான். மலை செங்குத்து, மேலே பாறையின் மேல் மண் மெல்லிய படலமாகத்தான் இருக்கிறது. பெருமழை பெய்தால் தண்ணீர் ஊற இடம் இல்லாமல் வழிந்து, ஓடைகளில் கூடி, சில சமயம் ஒரு மணி நேரத்துக்குள் கீழே வந்துவிடும். நீங்கள் நிற்கிற இடத்தில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அதனால் "இங்கேதான் மழையே இல்லையே" என்பது ஒரு பாதுகாப்பே இல்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அது கோடைக்காலம், பருவமழை தொடங்கியிருக்கவே இல்லை. அந்தக் காட்சியைப் பலரும் கைபேசியில் பார்த்திருப்பீர்கள், சில நொடிகளில் படிக்கட்டெல்லாம் செந்நிற வெள்ளமாக மாறியது.

தண்ணீர் பெருகுவதற்கு முன்னால் அடையாளம் காட்டும். தெளிவாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் கலங்கும், பழுப்போ சிவப்போ ஏறும். சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கும். அருவிச் சத்தம் கனக்கும். கேட்டுக்கொண்டிருந்த ஒரே மாதிரியான இரைச்சலுக்கு அடியில் ஒரு உறுமல் சேரும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே வெளியே வந்துவிடுங்கள். ஓடை போகிற திசையில் கீழே ஓடாதீர்கள், பக்கவாட்டில் மேடான இடத்துக்கு ஏறுங்கள். செருப்பு, துண்டு, கைபேசி எதையும் எடுக்கத் திரும்பாதீர்கள். முக்கியமாக, தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே "விசில் சத்தம் கேட்டால், நான் கூப்பிட்டால், அந்த நிமிடமே கரைக்கு" என்று பையனிடம் பேசி வைத்துவிடுங்கள். நிற்பதற்கு முன்னால் மேட்டுக்குப் போகிற வழி எது என்று பெரியவர்கள் ஒருமுறை கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அரை நிமிட வேலை.

பெரும்பாலும் நடப்பது வெள்ளம் அல்ல, வழுக்கல். ஈரமாக, கறுப்பாகப் பளபளக்கிற பாறை தண்ணீருக்கு அடியில் இருக்கிற பாறையை விட மோசம். அதன் மேல் பாசி மெல்லிய தோலாகப் படர்ந்திருக்கும். மணல் ஒட்டின, சொரசொரப்பான, வெளிர் நிறப் பாறையில் கால் வையுங்கள். வீட்டில் போடுகிற ரப்பர்ச் செருப்பு இதற்கு ஆகாது. பின்பக்கம் வார் வைத்த, அடிப்பாகம் வெட்டு வெட்டாக இருக்கிற செருப்புதான் நல்லது. புதிதாக வாங்கினதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போடுவது என்று வைக்காதீர்கள், குதிகாலில் கொப்புளம் வந்துவிடும். ஐந்து வயது மகளை அருவி விழுகிற இடத்துக்கே கொண்டுபோக வேண்டாம். ஓரத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீரில், ஒரு பெரியவர் கையைப் பிடித்தபடி உட்கார வையுங்கள், அவளுக்கு அதுவே கடல். அவளைத் தூக்கிக்கொண்டு பாசிப் பாறையில் நடக்கவும் வேண்டாம். விழுந்தால் இரண்டு பேருக்கும் அடி. பையன் அருவிக்கு அடியில் நிற்க ஆசைப்பட்டால், தண்ணீர் மெலிதாக விழுகிற ஓரத்தில் தோளில் வாங்கட்டும். நேராக உச்சந்தலையில் வாங்க வேண்டாம், மேலே இருந்து கூழாங்கல்லும் சுள்ளியும் சேர்ந்து விழக்கூடும்.

அம்மாவுக்கு இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று தலையைக் கொடுக்கக் கூடாது. காலை நனைத்து, கையை நனைத்து, பிறகு முகத்தை நனைத்து, உடம்பு பழகிய பிறகு வேண்டுமானால் உட்கார்ந்தபடி செம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ளட்டும். உணவு சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். குளிக்கவே விருப்பம் இல்லை என்றால் கரையில் பாறை மேல் உட்கார்ந்திருக்க நல்ல இடம் கிடைக்கும், பைகளுக்கும் காவல். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைத்தான் விரும்புவார்கள்.

எண்ணெய், சோப்பு, ஷாம்பு மூன்றும் கூடாது. கேட்பதற்கு அரசு அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கும், ஆனால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்தால் யாருக்கும் மனசு வராது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை, ஏனென்றால் கோவைக்காரர்களே பாதிப் பேர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "இதுதான் நம் வீட்டுக் குழாயில் வருகிற சிறுவாணித் தண்ணீர்" என்பார்கள். இல்லை. சிறுவாணி அணை மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஆறு அட்டப்பாடிப் பக்கம் ஓடிப் பவானியில் சேர்கிறது. 1973இல் இரண்டு மாநிலங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அதில் ஒரு பங்கை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் கொண்டுவருகிறார்கள். கோவை குற்றாலத்தில் நீங்கள் குளிக்கிற தண்ணீரோ இந்தப் பக்கச் சரிவில் விழுந்த மழை, அது கிழக்கே இறங்கி நொய்யலாகப் போகிறது. சித்திரைச்சாவடி அணைக்கட்டில் வாய்க்காலுக்குப் பிரியும், பேரூர் படித்துறையைத் தொடும், உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர்க் குளம் என்று ஊரைச் சுற்றியிருக்கிற குளங்களுக்கு உயிர் கொடுக்கும். திருப்பூரைத் தாண்டி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் கலக்கும். பவானியும் காவிரியில்தான் சேர்கிறது. மலை உச்சியில் பிரிந்த இரண்டு தண்ணீரும் கடைசியில் ஒரே ஆற்றில் வந்து சேர்ந்துவிடுகின்றன. வரைபடத்தை விரித்துப் பையனிடம் விரலால் தேடச் சொல்லுங்கள், நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பிடிக்கும்.

நொய்யல் நகரத்துக்குள் வந்ததும் என்ன ஆகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சாக்கடையும் சாயக்கழிவும் சேராத, குனிந்து கையில் அள்ளக்கூடிய நொய்யலைக் குழந்தைகள் பார்க்க மிஞ்சியிருக்கிற இடம் இந்த மலையடிவாரம்தான். அங்கே ஒரு சோப்பு உறையையோ டயப்பரையோ போட்டுவிட்டு வருகிறவர்கள் மேல் எனக்குக் கடுமையான கோபம் உண்டு.

எப்போது போவது? தென்மேற்குப் பருவமழை ஜூனில் பிடித்ததும் அருவி பெருகும். ஜூலையில் கொட்டுகிற நாட்களில் "வெள்ளப்பெருக்கு, சுற்றுலாப் பயணிகளுக்குத் தடை" என்று செய்தி வந்துகொண்டே இருக்கும். அப்போது போகவே வேண்டாம். மழை தணிந்த ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் நல்ல நேரம். வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு டிசம்பர், ஜனவரியும் நன்றாக இருக்கும், தண்ணீர் மிதமாக, தெளிவாக விழும். ஏப்ரல், மே மாதங்களில் அருவி நூலாக மெலிந்துவிடலாம், காட்டுத்தீ அபாயம் இருந்தால் மூடியும் வைப்பார்கள். மகா சிவராத்திரிப் பக்கம் இந்தச் சாலையில் தலையைக் காட்டாதீர்கள், வெள்ளியங்கிரிக்கும் பூண்டிக்கும் போகிற கூட்டத்தில் வண்டி நகராது. திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறும் பண்டிகை நாளும் கூட்டம் நெரியும். பள்ளிக்கு விடுப்பு எடுக்க முடிந்தால் செவ்வாய், புதன் மாதிரியான நாளில் போங்கள், இல்லையென்றால் சனிக்கிழமை காலை முதல் வண்டியில் ஏறுகிற மாதிரி போங்கள். நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறும், அதனால் முந்தின நாள் மாலையில் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. அதில் பார்க்க வேண்டியது கோவை நகர மழையை அல்ல, சிறுவாணி, சின்னக்கல்லார், வால்பாறைப் பக்க மழையை.

மழைக்காலத்தில் அட்டை உண்டு. வெளியூர்க்காரர்கள் பாம்பைவிட இதற்குத்தான் அலறுவார்கள். நீளக் காலுறையை முழுக்கால் சட்டைக்கு மேலே இழுத்து விட்டுக்கொண்டு, காலுறை மேல் உப்பைத் தேய்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஏறாது. ஏறிக் கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள், வாய் இருக்கிற மெல்லிய முனையில் நகத்தைப் பக்கவாட்டில் விட்டு நகர்த்தினால் விட்டுவிடும். அதன் எச்சில் இரத்தம் உறையாமல் செய்யும், அதனால் கடித்த இடத்தில் கொஞ்ச நேரம் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். துணியை மடித்து அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். வலி கிடையாது. குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அழ மாட்டாள், "எனக்கு ஒன்று, உனக்கு எத்தனை" என்று எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக நினைக்காதீர்கள். பையைச் சோதிப்பார்கள், பிளாஸ்டிக் கூடாது, அதோடு குரங்கு. காலையில் வீட்டிலோ ஆலாந்துறையிலோ வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உள்ளே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீரும், சட்டைப்பையில் இரண்டு கடலை மிட்டாயும் போதும். எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் தூக்கில் கட்டிக் காரிலேயே வைத்துவிடுங்கள். குளித்துவிட்டு வந்தால் வருகிற பசி தனி, அப்போது அது அமிர்தம். மாற்று உடையோடு பழைய பருத்தித் துண்டு இரண்டு கூடுதலாக எடுங்கள், பெண்கள் நனைந்தால் உடம்போடு ஒட்டாத தடித்த துணியில் சுடிதார் அணிவது வசதி. கைபேசியைக் காரிலேயே வைத்துவிட்டு ஒருவர் மட்டும் எடுத்து வரலாம். உள்ளே சிக்னல் சரியாகக் கிடைக்காது, அதனால் கூட்டத்தில் பிரிந்தால் எங்கே வந்து நிற்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பேருந்தில் போகலாமா என்றால், போகலாம். கோவையிலிருந்து சாடிவயல் பக்கம் நகரப் பேருந்து உண்டு. ஆனால் அடிக்கடி கிடையாது. ஈர உடையோடும் தூங்கி விழும் குழந்தையோடும் சாவடியில் காத்திருப்பது அம்மாவுக்குச் சிரமம். உங்கள் குடும்பத்துக்கு வாடகை வண்டியாவது வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒன்று. அவ்வளவு தூரம் போய், சாவடியில் "இன்றைக்கு மூடியாச்சு" என்று சொல்லிவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும். காவலரோடு வாதாடாதீர்கள், "ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம்" என்று கெஞ்சவும் வேண்டாம். மேலே மழையை அவர்கள் கேட்டறிந்த பிறகுதான் மூடுகிறார்கள். வேறு வழியாக உள்ளே கூட்டிப்போகிறேன் என்று யாராவது வந்தால் காதில் போட்டுக்கொள்ளாமல் வண்டியைத் திருப்புங்கள். ஆலாந்துறைப் பக்கம் தோப்பு நிழலில் கட்டுச்சாதத்தைப் பிரித்துச் சாப்பிடலாம். வரும் வழியில் சித்திரைச்சாவடி அணைக்கட்டைத் தூர இருந்து பார்க்கலாம், மழை நாளில் நொய்யல் அங்கே பொங்கி வழிகிற அழகே தனி, ஆனால் தண்ணீரில் இறங்கக் கூடாது. பிறகு பேரூர் பட்டீசுவரர் கோயில். கனகசபையில் ஒற்றைக் கல்லில் செதுக்கிய தூண் சிற்பங்களை அம்மாவும் பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. பிற்பகலில் நடை சாத்தியிருக்கும், மாலை நாலு மணிக்கு மேல் போகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். அருவியை இன்னொரு செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளி வையுங்கள்.